வெப் பக்கத்தில் ஒரு பொத்தான், அதன் பின்னால் ரூட் அதிகாரம்

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துப் படிப்பகத்தில் சின்ன உபுண்டு லினக்ஸ் சேர்வர் ஒன்று ஓடுகிறது. இன்டர்நெட் இல்லாமலேயே பிள்ளைகள் பாட வீடியோக்களும் கடந்தகால வினாத்தாள்களும் பார்க்கலாம், பிரிண்டர் அதிலேயே இணைந்திருக்கிறது, வைஃபையும் அதிலிருந்துதான். அதைப் பார்த்துக்கொள்ளும் நான் இருப்பது ஹட்டன் டவுனில். மழைக்காலத்தில் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறி, டிக்கோயா தாண்டி நோர்வூட்டில் இறங்கி, அங்கிருந்து மேலே நடந்து, பிரிண்டர் சேவையை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் பொழுது போய்விடும். அதனால் மெஷின் பக்கத்தில் நிற்கும் மிஸ்ஸின் கையில் சில பொத்தான்கள் இருந்தே ஆகவேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாதுகாப்பு என்று சொல்லி எல்லா அதிகாரத்தையும் டவுனில் இருக்கும் ஒருவர் வைத்துக்கொண்டால், பரீட்சைக்கு முந்திய நாள் வினாத்தாளை அச்செடுக்க முடியாமல் நிற்பது அந்தப் பிள்ளைகள்தான்.

ஆனால் மிஸ்ஸுக்குப் பொத்தான் கொடுப்பது வேறு, வெப் சேர்வருக்கு ரூட் அதிகாரம், அதாவது மெஷினில் எதையும் செய்யும் முழு அதிகாரம், கொடுப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துச் செய்த ஒரு பக்கத்தை நான் பொறுப்பெடுத்தபோது அங்கே பார்த்தேன். அதைப் பிரித்து மாற்றிக் கட்டியதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன், இதே மாதிரி பள்ளிக்கூடங்களிலும் வாசிகசாலைகளிலும் சேர்வர் வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள் என்பதால்.

மிஸ்ஸிடமிருந்து முதலில் வந்த முறைப்பாடு இதுதான்: "தம்பி, கரண்ட் போய் வந்தா மெஷின் தானா எழும்புது, நான் லேப்டொப்ப தொறந்ததும் திரும்ப படுத்துருது." எல்லோரும் யூபிஎஸ்ஸைத்தான் சந்தேகப்பட்டார்கள், பேட்டரியும் மாற்றினார்கள். மலையில் கரண்ட் பிரச்சினை புதிதில்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும், வந்தால் லைன் போகும். 2022 மார்ச் கடைசியில் நாட்டுக்கே 13 மணி நேர மின்வெட்டு அறிவித்த நாட்களும் உண்டு. அதனால் யூபிஎஸ்ஸைச் சந்தேகப்படுவது இயல்புதான். ஆனால் மெஷினில் நடப்பதை எழுதிவைக்கும் ஜேர்னல் பதிவில், முந்தைய தடவை ஓடியபோது விழுந்த கடைசி வரிகளைப் பார்த்தபோது, ஒவ்வொரு சேவையும் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தது. கரண்ட் அறுந்து விழுந்த மெஷினில் பதிவு பாதியிலேயே முடிந்திருக்கும், இப்படி முறையாக முடியாது. யாரோ நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். யார் எந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினார் என்று பதியும் ஓத் லொக்கைத் திறந்தால் விடை தெளிவாக இருந்தது: டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனர், சூடோ (ஒரு கட்டளையை ரூட் அதிகாரத்தோடு ஓட்டித் தரும் கருவி) மூலம், ரூட்டாக, ஷட்டவுன் கட்டளையை ஓட்டியிருக்கிறார். அந்தப் பயனர் ஒரு ஆள் இல்லை, உபுண்டுவிலும் டெபியனிலும் அப்பாச்சி என்ற வெப் சேர்வர் மென்பொருள் ஓடுவது அந்தப் பெயரில்தான்.

நடந்தது இதுதான். அந்தப் பழைய பக்கத்தில் "நிறுத்து" என்பது சாதாரண லிங்க். அழுத்தினால் ஒரு முகவரிக்குப் போகும், அந்த முகவரியைத் திறந்தாலே சேர்வர் நிற்கும். கரண்ட் போகப்போகிறது என்று தெரிந்து மிஸ் அதை அழுத்துவார், சேர்வர் நிற்கும், லேப்டொப்பையும் மூடுவார். கரண்ட் வந்ததும் பிரவுசர் முன்பு திறந்திருந்த டேப்களை அப்படியே மீட்டெடுக்கும், அதில் அந்த நிறுத்து முகவரியும் ஒன்று. பக்கம் மறுபடி லோட் ஆகும், சேர்வர் மறுபடி படுக்கும். மிஸ் கையால் எதையும் தொடவே இல்லை. பேட்டரி மாற்றிய காசு போனது போனதுதான்.

ஒன்றை மாற்றும் எந்தச் செயலும் வெறுமனே முகவரியைத் திறப்பதால் நடக்கக் கூடாது என்பது வெப்பின் பழைய விதி. பிரவுசர் அனுப்பும் கோரிக்கைகளில் கெட் என்பது பார்க்க, போஸ்ட் என்பது செய்ய. பிரவுசர்கள் கெட் முகவரிகளைத் தங்கள் இஷ்டத்துக்குத் திறக்கும், டேப் மீட்பில் திறக்கும், அட்ரஸ் பாரில் நாலு எழுத்து அடித்ததுமே ஊகித்து முன்கூட்டியே ஏற்றவும் பார்க்கும். இன்னொரு பக்கத்தில் யாராவது அந்த முகவரியைப் படத்தின் முகவரியாகப் போட்டு வைத்தால், உள்ளே லொகின் செய்திருக்கும் மிஸ்ஸின் பிரவுசரே அதைத் திறந்துவிடும். அதனால் போஸ்ட் படிவம், அதோடு ஒவ்வொரு படிவத்திலும் சேர்வர் தரும் ஒரு ரகசிய டோக்கன், வேலை முடிந்ததும் சாதாரண முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுதல், இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கவேண்டும். திருப்பிவிடாவிட்டால் ரீஃப்ரெஷ் அழுத்தும்போது "மறுபடி அனுப்பவா" என்று பிரவுசர் கேட்கும், மிஸ் ஆம் என்பார், கதை திரும்பத் தொடங்கும்.

இது வெளியே தெரிந்த வியாதி. உள்ளே இருந்தது இதைவிடப் பெரியது. யார் எதை ரூட்டாக ஓட்டலாம் என்று சூடோவுக்குச் சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில், டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் எல்லாக் கட்டளைகளையும் ரூட்டாக ஓட்டலாம் என்று ஒரே வரி இருந்தது. ஆல் என்ற சொல் மூன்று தடவை வரும் அந்த வரியைத் தேடினால் எங்கேயும் கிடைக்கும், போட்டதும் எல்லாம் வேலை செய்யும், அதனால்தான் பரவியிருக்கிறது. அது வேலை செய்வதற்குக் காரணம் எளிது: சூடோ கடவுச்சொல் கேட்கும், அதைத் தட்ட வெப் சேர்வரிடம் டெர்மினல் கிடையாது, கட்டளை தோற்றுவிடும். கேள்வியையே எடுத்துவிட்டால் தோற்காது. சரி, ஆனால் அதே சேர்வரில் பிள்ளைகள் தங்கள் படங்களை ஏற்றும் இன்னொரு பக்கமும் ஓடியது. அந்தப் பக்கத்தில் ஒரு ஓட்டை இருந்து யாராவது பிஎச்பி கோப்பு (வெப் சேர்வரில் ஓடும் நிரல்) ஒன்றை ஏற்றிவிட்டால், அதுவும் ஓடுவது இதே பயனர் பெயரில்தான். சாதாரணமாக அது வெப் கோப்புகளோடு நின்றுவிடும் சேதம். இந்த ஒரு வரி இருப்பதால் முழு மெஷினும் அவர் கையில். நிர்வாகப் பக்கத்துக்கு எவ்வளவு நீளமான கடவுச்சொல் போட்டாலும் இதைத் தடுக்காது, ஏனென்றால் வருபவர் அந்த வாசலால் வரவே தேவையில்லை.

வேறு குறுக்கு வழிகளும் உண்டு. பிஎச்பி கோப்புக்கு செட்யூஐடி, அதாவது யார் ஓட்டினாலும் கோப்பின் சொந்தக்காரரின் அதிகாரத்தில் ஓடவைக்கும் பிட், போடலாம் என்பார்கள். லினக்ஸ் கெர்னல் ஸ்கிரிப்டுகளில் அந்த பிட்டைக் கணக்கிலேயே எடுக்காது, போட்டும் பயனில்லை. அப்பாச்சியையே ரூட்டாக ஓட்டலாம் என்பார்கள். அதை அனுமதிக்க அப்பாச்சியைத் தனியாக கம்பைல் செய்யவேண்டும், அந்தத் தெரிவுக்கு அதை எழுதியவர்கள் வைத்த பெயரே "பிக் செக்யூரிட்டி ஹோல்". இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

நான் முதலில் செய்தது அந்த வரியைச் சுருக்கியது. அதற்கென்றே உள்ள விசூடோ கருவி மூலம்தான் திருத்தவேண்டும், அது இலக்கணப் பிழையைச் சேமிப்பதற்கு முன்பே பிடித்துவிடும், நேரடியாக எடிட்டரில் திருத்திப் பிழை வந்தால் சூடோவே வேலை செய்யாமல் போகலாம், அப்போது மலை ஏறிப் போகவேண்டியதுதான். தனிக் கோப்பாக சூடோயர்ஸ் டொட் டி கோப்புறையில் போடுவது நல்லது, ஆனால் அந்தக் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் சூடோ அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், பலர் மணிக்கணக்காகத் தேடும் இடம் இது. உள்ளே ஒவ்வொரு கட்டளைக்கும் முழுப் பாதை, முழு வாதங்கள் (கட்டளைக்குப் பின்னால் வரும் சொற்கள்), ஒன்றும் விடாமல். நட்சத்திரக் குறி போடாதீர்கள். சூடோவில் வாதங்களுக்குள் வரும் நட்சத்திரம் இடைவெளியையும் சேர்த்துப் பொருத்தும். லொக் கோப்பைப் பார்க்க மட்டும் என்று, கோப்பைக் காட்டும் கேட் கட்டளைக்குப் பின்னால் ஒரு பெயரும் நட்சத்திரமும் கொடுத்தால், அந்த லொக்கோடு சேர்த்து, கடவுச்சொற்கள் மறைவடிவில் இருக்கும் ஷேடோ கோப்பையும் அதே கட்டளையில் படிக்கலாம். சூடோவின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. எடிட்டர், லெஸ், ஃபைண்ட், டார் போன்ற கட்டளைகளையும் அனுமதிக்காதீர்கள், அவற்றுக்குள்ளிருந்தே வேறு கட்டளைகளை ஓட்டமுடியும்.

சூடோ மூலம் ஓட ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைப்பீர்கள் என்றால், அந்தக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கவேண்டும், வேறு யாரும் எழுத முடியாததாக இருக்கவேண்டும், அது இருக்கும் கோப்புறையும் அப்படியே. பழைய ஏற்பாட்டில் அது வெப் கோப்புறைக்குள்ளேயே கிடந்தது, டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவே அதைத் திருத்தலாம். அப்போது சூடோயர்ஸ் வரியை எவ்வளவு சுருக்கினாலும் ஒன்றுதான். மாற்றிய பிறகு, அந்தப் பயனராகவே நின்று சூடோவை எல் தெரிவோடு ஓட்டிப் பாருங்கள், அவருக்கு என்னவெல்லாம் அனுமதி என்று அதுவே பட்டியல் போடும். நம் நினைப்பில் இருப்பதையும் உண்மையில் இருப்பதையும் ஒப்பிட அதைவிட நல்ல வழி இல்லை.

அப்புறம் படிவத்தில் தட்டும் எழுத்து நேரே கட்டளைக்குள் போவது. பழைய பக்கத்தில் கோப்பின் பெயரைத் தட்டி அச்செடுக்கும் ஒரு பெட்டி இருந்தது. பெயருக்குப் பின்னால் ஒரு அரைப்புள்ளியும் இன்னொரு கட்டளையும் தட்டினால் அதுவும் ஓடும். இதைத் தடுக்க பிஎச்பியில் எஸ்கேப்ஷெல்ஆர்க் என்ற செயற்பாடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, உதவும், ஆனால் நமக்கு இரண்டு சிக்கல். ஒன்று, இடைக்கோட்டில் தொடங்கும் பெயரை அது தடுக்காது, கட்டளை அதைத் தெரிவு என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவது தமிழில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் வரும் தலையிடி: லொகேல் (மொழி, எழுத்து அமைப்பு) எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 ஆக இல்லாத சேர்வரில் அந்தச் செயற்பாடு ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை விழுங்கிவிடும். "கணிதம் தரம் 11" என்று பெயர் கொடுத்தால் மிஞ்சுவது இடைவெளிகளும் 11 உம். மிஸ் தமிழில் பெயர் வைத்த எதுவும் அச்சாகவில்லை, ஆங்கிலத்தில் வைத்தது மட்டும் அச்சானது, அதனால் "தமிழ் சரிவராது" என்று பெயர்களை எல்லாம் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது மனதை உறுத்தியது. லொகேலைச் சரிசெய்தால் தமிழ் சரியாக வரும், சேர்வர் நம் பிள்ளைகளுக்காகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அதோடு நிற்கவில்லை, தட்டும் பெட்டியையே எடுத்துவிட்டேன். கோப்புகளின் பட்டியலைச் சேர்வர் காட்டும், மிஸ் தேர்ந்தெடுப்பார், படிவம் அனுப்புவது பட்டியலில் உள்ள எண்ணை மட்டும். அச்சுக்கு ரூட் தேவையே இல்லை என்பதால் அது சூடோ பக்கமே போவதில்லை.

சுருக்கிய சூடோ வரிகளோடு கொஞ்சக்காலம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் சூடோவும் ஒரு மென்பொருள், அதிலும் ஓட்டை வரும். 2021 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓட்டை 2011 முதலே அதற்குள் இருந்தது, சூடோயர்ஸில் பெயரே இல்லாத சாதாரணப் பயனரும் அதைக்கொண்டு ரூட்டாக மாறமுடிந்தது. இணைப்பு சரியாக இல்லாத மலையில் அப்டேட் உடனே போய்ச் சேராது. அதனால் வெப் பக்கம் எதையும் தானாக ஓட்டாத ஒரு ஏற்பாட்டுக்கு மாறினேன். தோட்டத்து ஸ்டோரில் எப்படி? ஸ்டோர் சாவி வேலைக்காரரிடம் இருக்காது, அவர் வேண்டியதை எழுதிய துண்டு கொண்டுவருவார், ஸ்டோர் கீப்பர் துண்டைப் பார்த்து, கொடுக்கக்கூடியதென்றால் எடுத்துக் கொடுப்பார். அதேதான். பொத்தானை அழுத்தினால் பிஎச்பி செய்வது, ஒரு கோப்புறையில் குறிப்பிட்ட பெயருள்ள வெற்றுக் கோப்பு ஒன்றை வைப்பது மட்டும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் பாத் யூனிட் ஒன்று அந்தக் கோப்புறையைக் கவனித்துக்கொண்டே இருக்கும், கோப்பு விழுந்ததும் ரூட்டாக ஒரு சின்ன ஸ்கிரிப்டைத் தொடங்கும், அந்த ஸ்கிரிப்ட் தன்னிடம் உள்ள பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் அதற்குரிய கட்டளையை ஓட்டும். வெப் சேர்வர் முழுதாக வேறொருவர் கைக்குப் போனாலும், அவரால் ரூட்டாகச் செய்யமுடிந்தது பிரிண்டர் சேவையையோ அப்பாச்சியையோ ரீஸ்டார்ட் செய்வதும் மெஷினை நிறுத்துவதும்தான். தொந்தரவுதான், ஆனால் முழு மெஷினும் அவர் கைக்குப் போகாது.

இதில் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. அந்த ஸ்கிரிப்ட் கோப்பின் பெயரை மட்டும் பார்க்கவேண்டும், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கவோ ஓட்டவோ கூடாது, இல்லாவிட்டால் சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் கோப்பு) ஒன்றை வைத்து வேறு கோப்பைப் படிக்கவைக்கலாம். பட்டியலில் இல்லாத பெயரென்றால் உடனே அழித்துவிடவேண்டும், விட்டுவைத்தால் "கோப்புறை வெறுமையாக இல்லை" என்று பாத் யூனிட் திரும்பத் திரும்ப ஸ்கிரிப்டைத் தொடங்கி, கடைசியில் சிஸ்டம்டி அளவு மீறிவிட்டது என்று அதை நிறுத்திவிடும், அதன் பிறகு எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. கோப்புறையை டெம்ப் என்ற தற்காலிகக் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். அப்பாச்சி சேவைக்குப் பிரைவட்டெம்ப் போட்டிருந்தால் அது பார்க்கும் டெம்ப் வேறு, ரூட் பார்க்கும் டெம்ப் வேறு, துண்டு போய்ச் சேரவே சேராது. இன்னொரு நன்மை பிறகுதான் தெரிந்தது: இனி வெப் சேவைக்கு நோநியூபிரிவிலெஜஸ் என்ற அமைப்பைத் துணிந்து போடலாம். அதைப் போட்டால் அந்தச் சேவைக்குள்ளிருந்து சூடோ வேலை செய்யாது, சூடோவை நம்பியிருந்தவரை போடமுடியாமல் இருந்தது அது.

அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யும் பொத்தானை அப்பாச்சி ஓட்டும் பக்கத்திலேயே வைப்பதும் இதே ஏற்பாட்டில் சரியானது. முன்பு கட்டளை ஓடியதும் பக்கமே அறுந்துவிடும், வேலை நடந்ததா இல்லையா என்று தெரியாமல் மிஸ் மறுபடி மறுபடி அழுத்துவார். இப்போது ரூட் பக்க ஸ்கிரிப்ட் என்ன செய்தது என்று ஒரு நிலைக் கோப்பில் தமிழில் எழுதிவைக்கிறது, பக்கம் அதைக் காட்டுகிறது. நிறுத்தும் பொத்தானுக்கு ஒரு நிமிட அவகாசம் வைத்தேன், ஷட்டவுன் கட்டளையே அதைத் தரும், பக்கத்திலேயே "வேண்டாம்" என்ற பொத்தான், அது சி தெரிவோடு அந்தக் கட்டளையை ரத்துச் செய்யும். பின் வரிசையில் ஒரு பிள்ளை எழுதியதைச் சேமிக்காமல் இருந்தால் அந்த ஒரு நிமிடம் பெரிய விஷயம்.

இதெல்லாம் எதற்கு, ரெடிமேட் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. பிரவுசரிலேயே சேர்வரை நிர்வகிக்க உதவும் வெப்மின் நல்ல கருவிதான், 1997 முதல் இருக்கிறது, ஆனால் அது ரூட்டாகவே ஓடும், 10000 என்ற போர்ட்டில் இணைப்புகளுக்காகக் காத்திருக்கும். 2019இல் வெளிவந்த சம்பவத்தை மறக்கக்கூடாது: அதைத் தயாரிக்கும் மெஷினுக்குள் யாரோ புகுந்து, கடவுச்சொல் மாற்றும் பகுதியில் கள்ள வரி சேர்த்திருந்தார்கள், 1.890 முதல் 1.920 வரையான பதிப்புகளில் அது போயிருந்தது, 1.930இல்தான் நீக்கினார்கள். அதே மாதிரிக் கருவியான கொக்பிட் எனக்குப் பிடிக்கும், அது உள்ளே வரும் பயனரின் அதிகாரத்தோடே ஓடும், கூடுதல் அதிகாரம் வேண்டுமென்றால் தனியாகக் கேட்கும், நான் எனக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன், அதுவும் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக மட்டும். மிஸ்ஸுக்கு வேண்டியது அவ்வளவு பெரிய பலகை இல்லை, தமிழில் நாலு பொத்தான்.

நிர்வாகப் பக்கம் வைஃபை பக்கம் திறக்காது. பிள்ளைகள் இருப்பது வைஃபையில், மிஸ்ஸின் மேசைக்கு வயர் போகிறது, அந்த வயர் பக்கத்து முகவரியில் மட்டும் அப்பாச்சி அதைக் காட்டும். எச்டிடிபிஎஸ்ஸும் போட்டிருக்கிறேன், சொந்தச் சான்றிதழ் என்பதால் அதை மிஸ்ஸின் பிரவுசரில் ஒருமுறை நிறுவிக் கொடுத்தேன், எச்சரிக்கை வந்தால் "பரவாயில்லை" என்று தாண்டும் பழக்கம் வரக்கூடாது என்பதற்காக. ஆளுக்கு ஒரு லொகின். லொக்கில் எப்போதும் வெப் சேர்வரின் பெயர்தான் விழும், யார் அழுத்தியது என்பதைப் பக்கமே எழுதிவைத்தால்தான் தெரியும். இது யாரையும் பிடிப்பதற்காக இல்லை. ஒருநாள் மெஷின் நின்றிருந்தபோது உதவிக்கு வரும் அண்ணன் மேல் வீணாகப் பழி விழ இருந்தது, பதிவைப் பார்த்ததும் அன்று யாருமே அழுத்தவில்லை, கரண்ட் கட்தான் என்று தெரிந்தது.

நிறுத்தும் பொத்தானையே தேவையில்லாமல் செய்ய அடுத்து முயற்சி செய்கிறோம். யூஎஸ்பி வயர் உள்ள யூபிஎஸ் கிடைத்தால் நட் என்ற மென்பொருள் பேட்டரி குறைவதைக் கண்டு மெஷினைத் தானே ஒழுங்காக நிறுத்தும். இப்போது இருப்பதில் அந்த வசதி இல்லை. மிஸ் கேட்டிருக்கும் இன்னொன்று, புதிய பிள்ளைக்குக் கணக்குத் திறக்கும் பொத்தான். அதைச் செய்து கொடுக்கத்தான் போகிறேன், ஆனால் பெயரைக் கட்டளைக்குள் கொண்டுபோக மாட்டேன். கணக்கு வெறும் நான்கு இலக்க எண்ணாகப் படிப்பகத்தின் சொந்தத் தரவுத்தளத்தில் திறக்கும், பிள்ளையின் பெயர் தமிழில் அதற்குப் பக்கத்தில் இருக்கும், லினக்ஸில் பயனர் யாரும் உருவாக மாட்டார்கள். பேக்கப்பைத் திரும்பப் போடும் பொத்தானைக் கேட்டபோது மட்டும் மறுத்துவிட்டேன். அதை அழுத்தினால் இன்றைய வேலை எல்லாம் போய்ப் பழையது வந்து உட்காரும், அதற்கு மிஸ்ஸும் நானும் போனில் இருந்துகொண்டு சேர்ந்து செய்வதென்று பேசிக்கொண்டோம், அவரும் சரி என்றார்.